எழுதத் தெரியாமலே எழுத்தாளர் ஆனவர்

சோழவந்தான் வெற்றிலை ஊர் அறிந்தது. 2023-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே கொடிக்கால் போடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் வெற்றிலைக் கொடியை நடமாட்டார்கள். முதலில் அகத்தி விதை ஊன்றுவார்கள். அகத்தி வளர்ந்து நின்ற பிறகே, அதன் அடியில் கொடியை நடுவார்கள். கொடி அகத்தியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும்.

அகத்தியைப் பற்றி ஏறினாலும், கொடி அகத்தி ஆகிவிடுவது இல்லை. அதன் இலை வேறு; மணம் வேறு; காரம் வேறு.

குடும்பத்துப் பெண்ணும் அப்படி வாழ முடியுமா? கணவன், பிள்ளை, மாமியார், அடுப்படி எல்லாவற்றோடும் இருந்துகொண்டு, தனக்கென்று உள்ள மணத்தை இழக்காமல் இருக்க முடியுமா?

முடியும் என்று வாழ்ந்து காட்டினார் ஒரு பெண்மணி. அவர்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள். அவர் எழுதிய நாவல்கள் 115. பத்திரிகை ஆசிரியராக இருந்த ஆண்டுகள் 35. ஆனால் அவருடைய முதல் கதை பிறந்தபோது, அவருக்கு எழுதத் தெரியாது!

ஐந்தரை வயதில் கல்யாணம்

கோதைநாயகி 1901-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பிறந்தார். தந்தையார் பெயர் வெங்கடாச்சாரி. தாயார் பட்டம்மாள். குழந்தைக்கு நினைவு தெரியும் முன்பே தாய் இறந்துவிட்டார். பாட்டி வேதவல்லிதான் எடுத்து வளர்த்தார்.

1907-ல் கோதைநாயகிக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது ஐந்தரை! சென்னை திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு.பார்த்தசாரதிதான் மாப்பிள்ளை. வை.மு. என்பது வைத்தமாநிதி முடும்பை என்ற குடும்பப் பெயரின் சுருக்கம். தமிழும் வைணவமும் தழைத்த குடும்பம் அது.

கோதைநாயகி பள்ளிக்கூடம் போனது இல்லை. அந்தக் காலத்தில் அது புதுமையும் அல்ல. 1921-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் நூறு பெண்களில் இரண்டு பேருக்குக் கூட எழுதப் படிக்கத் தெரியாது.

ஆனால் புகுந்த வீடு அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. மாமியார் அவருக்குத் தெலுங்கு சொல்லிக் கொடுத்தார். பாசுரங்களும் பாட்டும் காதில் விழுந்தன. கணவர் நாடகப் பிரியர். நல்ல நாடகம் நடந்தால் மனைவியையும் அழைத்துக்கொண்டு போவார். பார்த்த நாடகம் அம்மையாரின் மனதில் அப்படியே பதிந்துவிடும்.

தோழியின் கை

வீட்டு வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களுக்குக் கதை சொல்வார். குழந்தைகள் கேட்ட கதையையே எத்தனை நாள் கேட்பார்கள்? புதிதாகச் சொல்லச் சொல்வார்கள். தெரிந்த கதைகள் தீர்ந்தன. தாமே கதை கட்டத் தொடங்கினார். அவருடைய கற்பனைக்கு முதல் பள்ளிக்கூடம் அதுதான். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஒவ்வொரு தாய்க்கும் அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் திறந்தே இருக்கிறது.

மனதில் ஒரு நாடகம் உருவாயிற்று. அதைத் தாளில் இறக்குவது எப்படி? கை பழகவில்லையே!

அப்போது பட்டம்மாள் என்ற தோழி உதவிக்கு வந்தார். கோதைநாயகி வாயால் சொன்னார். பட்டம்மாள் கையால் எழுதினார். இப்படிப் பிறந்ததுதான் "இந்திர மோகனா" என்ற நாடகம். 1924-ல் அது அச்சில் வந்தது.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரைத் துணைக்கு அழைத்தார் அம்மையார். தெரியாது என்பதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. பிறகு அந்தத் தோழியிடமே எழுதவும் கற்றுக்கொண்டார். கை பழகியது. அப்புறம் அது நிற்கவே இல்லை.

பத்திரிகை ஆசிரியர்

அடுத்து, "வைதேகி" என்ற நாவலை எழுதினார். அந்தக் காலத்தில் வடுவூர் துரைசாமி அய்யங்கார் பெயர் பெற்ற நாவலாசிரியர். நின்றுபோயிருந்த "ஜகன்மோகினி" என்ற பத்திரிகையை எடுத்து நடத்தும்படி அவர் யோசனை சொன்னார். 1925-ல் அம்மையார் அதை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 23.

பெண் கதை எழுதுவதா? பத்திரிகை நடத்துவதா? ஊர் வாய் சும்மா இருக்குமா? ஏளனம் வந்தது. ஏச்சும் வந்தது. கணவர் அசையவில்லை. அவர் பக்கத்தில் நின்றார். அம்மையாரும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. பத்திரிகை வளர்ந்தது. வீட்டுப் பெண்கள் காத்திருந்து வாங்கிப் படித்தார்கள். ஒருவர் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

கடல் கடந்த இங்கிலாந்தில் வர்ஜீனியா வுல்ப் என்ற பெண் எழுத்தாளர் இருந்தார். பெண் கதை எழுத வேண்டுமானால், அவளுக்குக் கையில் சொந்தப் பணமும், தாழ் போட்டுக்கொள்ளத் தனி அறையும் வேண்டும் என்று அவர் 1929-ல் ஒரு நூலில் வாதாடினார். அது நியாயமான பேச்சுதான். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, திருவல்லிக்கேணியில் ஒரு பெண், நிறைந்த வீட்டின் நடுவே இருந்துகொண்டு மாதப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்.

பட்டு போயிற்று, கதர் வந்தது

1925-ல் காந்தி அடிகள் சென்னைக்கு வந்தார். அம்மையார் அவரைப் போய்ப் பார்த்தார். அந்தச் சந்திப்பு அவரை மாற்றியது. பட்டுப் புடவையை விட்டார். நகையை விட்டார். கதர் உடுத்தினார். அம்புஜம்மாள், ருக்மணி லட்சுமிபதி முதலிய பெண்மணிகளோடு சேர்ந்து தேசத் தொண்டில் இறங்கினார்.

மேடையில் நன்றாகப் பேசுவார். இனிமையாகப் பாடுவார். நல்ல குரல் உள்ள பெண் சபையில் பாடத் தயங்கிய காலம் அது. டி.கே.பட்டம்மாள் சிறுமியாக இருந்தபோது, மேடை ஏறிப் பாடும்படி ஊக்கம் தந்தவர்களுள் கோதைநாயகி அம்மாளும் ஒருவர். தமக்குத் திறந்த கதவை மற்றப் பெண்களுக்கும் திறந்து வைத்தார்.

சிறையில் நாவல்

1932-ல் அந்நியத் துணி மறியலில் ஈடுபட்டதற்காக அம்மையார் கைதானார். வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

பிள்ளை பெற்ற தாய் வீட்டை விட்டுச் சிறைக்குப் போவது லேசான காரியமா? அவருக்குச் சீனிவாசன் என்று ஒரே மகன். வீட்டையும் பத்திரிகையையும் கணவர் பார்த்துக்கொண்டார். "ஜகன்மோகினி" தடைப்படவில்லை. அம்மையார் சிறைக்குள்ளேயே நாவல் எழுதினார். உடன் இருந்த பெண் கைதிகளின் துயரக் கதைகளைக் கேட்டார். அவற்றையும் கதைகளில் சேர்த்தார்.

மனைவி அடுப்படியில் இருந்தபோது நாடகத்துக்கு அழைத்துப் போனவர் பார்த்தசாரதி. மனைவி சிறையில் இருந்தபோது பத்திரிகையைச் சுமந்தவரும் அவரே. கொடிக்கு அகத்தி போல நின்றார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பத்திரிகைத் தாளுக்குப் பஞ்சம். சென்னையில் குண்டு விழுமோ என்று பயம். அம்மையார் குடும்பத்தோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடிபோனார். பத்திரிகையை மட்டும் விடவில்லை. நாவல்கள் தொடர்ந்தன. சராசரியாகப் பார்த்தால், ஓர் ஆண்டுக்கு மூன்று நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார்!

எழுத்து அவரை வீட்டிலிருந்து பிரிக்கவும் இல்லை. வீட்டு வைத்தியம் தெரிந்தவர். பிரசவம் பார்ப்பதிலும் கைதேர்ந்தவர். பல வீடுகளில் குழந்தையை முதலில் கையில் ஏந்தியவர், கதை எழுதும் அம்மையார்தான்.

1948-ல் காந்தி அடிகள் மறைந்தார். அந்த ஆண்டே அம்மையார் திருவல்லிக்கேணியில் "மகாத்மாஜி சேவா சங்கம்" என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழைப் பெண்களும் குழந்தைகளும் அங்கே கைத்தொழில் கற்றார்கள், பாட்டுக் கற்றார்கள். பின்னர் வினோபா பாவே பூமிதானம் கேட்டு வந்தபோது, தமது நிலத்தில் 10 ஏக்கரைக் கொடுத்தார்.

தாங்காத துயரம்

1956-ல் இடி விழுந்தது. மகன் சீனிவாசன் இறந்துபோனார்.

பெற்ற வயிறு அல்லவா? எத்தனையோ தாய்மார்களின் கண்ணீரைக் கதையாக எழுதியவர், தம் கண்ணீரைத் துடைக்க வழி தெரியாமல் தவித்தார். ஏளனத்தைத் தாங்கிய நெஞ்சம். சிறையைத் தாங்கிய நெஞ்சம். மகனின் பிரிவை அதனால் தாங்க முடியவில்லை. உடல் தளர்ந்தது. காசநோய் பிடித்தது. தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1960-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி அம்மையார் காலமானார். அவருக்கு வயது 58.

தன்னை மறக்காத தாய் பிள்ளைப் பாசம் குறைந்தவள் என்று சிலர் நினைப்பது உண்டு. கோதைநாயகி அம்மாளின் கடைசி நான்கு ஆண்டுகள் அந்த எண்ணத்துக்குப் பதில்.

பின்னாளில் வந்த இலக்கிய விமர்சகர்கள் பலர், அவருடைய நாவல்களைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் அதுவரை புத்தகத்தையே தொடாத பெண்கள், அவருடைய கதைக்காக எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அது சின்னக் காரியம் அல்ல.

அவர் கதைகள் திரைக்கும் வந்தன. "அநாதைப் பெண்" 1938-ல் படமாயிற்று. அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1966-ல் "சித்தி" படம் வந்தது. அவருடைய "தயாநிதி" என்ற கதையைத் தழுவி எடுத்த படம் அது. பெறாத பிள்ளைகளைத் தாயாக இருந்து காக்கும் ஒரு சித்தியின் கதை. கொட்டகைகளில் தாய்மார்கள் கண்ணீர் விட்டார்கள்.

எல்லாப் பெண்களும் 115 நாவல் எழுத வேண்டியது இல்லை. ஒருத்திக்குக் கோலம் வரும். ஒருத்திக்குத் தாலாட்டு வரும். ஒருத்திக்குத் தையல் வரும். ஒருத்திக்கு, நாற்பது வயதில் "அ, ஆ" எழுத ஆசை வரும். அந்த ஆசைக்கு நாளில் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, வீட்டில் ஒருவர் முன்வந்தால் போதும். கோதைநாயகிக்கு ஒரு மாமியாரும், ஒரு கணவரும், ஒரு தோழியும் கிடைத்தார்கள். அவர்கள் செய்ததில் எதற்கும் பெரிய பணம் செலவாகவில்லை.