குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜோன்சன்

விழாமலர்களிலே புலவர், புரவலர், ஞானியர் என்போரின் சரிதங்கள் இடம்பெறுதல் வழக்கம். நாம் இம்முறை எடுத்துக்கொண்டதோ அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வாழ்க்கை. தமிழ் படிப்பிக்கும் எமக்கும் குத்துச்சண்டைக்கும் யாது தொடர்பு எனப் பழைய மாணவருட் சிலர் முறுவலிக்கக்கூடும். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய செய்தியைப் புறநானூற்றிலே சாத்தந்தையார் பாடியிருக்கின்றார். அம்மற்போரை, அரசனோடு மனம் வேறுபட்டிருந்த அவன் தந்தை தித்தன், விரும்பினும் விரும்பாவிடினும் கண்டிருத்தல் வேண்டும் என்பது புலவரின் ஆசை. வகுப்பிலே அப்பாட்டைப் படிப்பிக்குந்தோறும் எம் நினைவிற்கு வருபவர் ஜாக் ஜோன்சன். அவருடைய வெற்றிகளையும் அவற்றை விரும்பாதவர்களே பெருந்திரளாக வந்திருந்து கண்டனர்.

ஜோன்சன் 1878ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், ரெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்ரன் என்னுந் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையும் தாயும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். அடிமைமுறை ஒழிந்ததென்னும் ஆணை ரெக்சாஸ் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது அதே பட்டினத்தில், 1865ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள். அந்நாளுக்கும் ஜோன்சன் பிறப்பிற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. தந்தை பாடசாலை ஒன்றிற் கூட்டித் துப்புரவு செய்யும் ஊழியர். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. ஆகவே ஜோன்சன் சில வகுப்புக்களோடு படிப்பை நிறுத்தித் துறைமுகத்திலே மூட்டை சுமக்கச் சென்றார். துறைமுகத் தொழிலாளரிடையே வலியவன் சொல்லே சட்டம். குத்தவும் குத்துக்குத் தப்பவும் அவர் முதலிற் பயின்றது அங்கேதான்.

அக்காலத்துத் தென்மாநிலங்களிலே ஒரு கொடிய கேளிக்கை இருந்தது. கறுப்பினச் சிறுவர் பலரை ஒரே மேடையில் ஏற்றி, சில வேளைகளிற் கண்களையும் கட்டி, ஒருவர் எஞ்சும்வரை ஒருவரையொருவர் அடிக்கவிடுவார்கள். சுற்றியிருக்கும் வெள்ளையர் சிரித்துக்கொண்டு சில்லறைக் காசுகளை எறிவார்கள். ஜோன்சனும் அக்காசுகளைப் பொறுக்கியவரே. பிற்காலத்தில் ஓரிரவிற் பல்லாயிரம் டொலர் பெற்றபோது அவர் காட்டிய ஆடம்பரத்தைப் பழிப்போர் இதனையும் உடன் நினைத்தல் நன்று.

1900ஆம் ஆண்டு செப்டெம்பரிலே கால்வெஸ்ரனை ஒரு பெரும்புயல் அழித்தது. ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், இன்னும் இடிபாடுகள் நீங்காத அந்நகரிலே, ஜோ சொயின்ஸ்கி என்னும் பழுத்த வீரரை இருபத்திரண்டு வயது ஜோன்சன் எதிர்த்தார். சொயின்ஸ்கி யூத இனத்தவர், உருவிற் சிறியவர், ஆனால் அந்நாளைய பேர்பெற்ற வீரர் பலரோடு கைகலந்தவர். மூன்றாஞ் சுற்றில் அவர் விட்ட ஒரு குத்திலே ஜோன்சன் நினைவிழந்து வீழ்ந்தார். அக்கணமே காவலர் மேடையேறி இருவரையுங் கைதுசெய்தனர். பரிசிற்காகக் குத்துச்சண்டை செய்தல் ரெக்சாசிற் குற்றமாயிருந்தது.

வென்றவரும் தோற்றவரும் ஒரே மறியலில் மூன்று கிழமைக்கு மேல் அடைபட்டிருந்தனர். அதுவே ஜோன்சனுக்குக் கல்லூரியாயிற்று என்போம். பொழுதுபோக்காக இருவருங் கையுறை அணிந்து பயின்றனர். நகரத்தார் வந்து வேடிக்கை பார்த்தனர். வந்தவர்கள் கண்டது வேடிக்கை; ஜோன்சன் கண்டது பாடம். அதுவரை அவரிடம் இருந்தது உடல்வலியும் துணிவும். எதிரியின் தோள் அசையும்போதே குத்து வருந் திசையை உணர்தல், அரையடி பின்சாய்ந்து அதனை வீணாக்குதல், வருங் கையைத் தன் உள்ளங்கையால் நடுவழியிலே தடுத்தல், எதிரி நிலைதடுமாறும் அந்நொடியில் மோவாய்க்குக் கீழிருந்து மேனோக்கிக் குத்துதல் என்னும் நுட்பங்களை அவர் ஆராயத் தொடங்கியது சொயின்ஸ்கியிடம் தோற்ற பின்னரே. தன்னை வீழ்த்தியவனையே ஆசானாகக் கொள்ளும் மனம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. எம் வகுப்பிலே ஒரு புள்ளி குறைந்ததற்காக ஒரு தவணை முழுவதும் எம்மோடு பேசாதிருந்த மாணவரை நாம் அறிவோம். அவரும் இம்மலரைப் படிப்பார்.

இத்தகைய காப்புமுறையை முன்னரே கையாண்டவர் ஜேம்ஸ் கோபெற் என்னும் வெள்ளையின வீரர். அவர் செய்தபோது பத்திரிகைகள் அதனை அறிவுசான்ற கலை எனப் போற்றின. ஜோன்சன் செய்தபோது சோம்பலென்றும் கோழைத்தனமென்றும் எழுதின.

அவருக்கு முன்னிருந்த பெரிய தடை எதிரியின் கை அன்று. நிறை மிக்கோர் பிரிவில் உலக வெற்றிவீரர் பட்டத்திற்குக் கறுப்பினத்தார் போட்டியிடுவதில்லை என்பது எழுதாச் சட்டமாயிருந்தது. ஜோன் சலிவன் என்னும் வெற்றிவீரர் அதனை வெளிப்படையாகவே அறிவித்திருந்தார். அதற்குப் பலியானவர் பீற்றர் ஜாக்சன். மேற்கிந்தியத் தீவிற் பிறந்து அவுஸ்திரேலியாவிற் புகழ்பெற்ற அவர், 1891ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவிற் கோபெற்றோடு அறுபத்தொரு சுற்றுக்கள் பொருதும் வெற்றி தோல்வி காணப்படவில்லை. மறுவருடம் கோபெற் சலிவனை வென்று பட்டம் பெற்றார். ஜாக்சனுக்கோ அவ்வாய்ப்பு வாழ்நாளில் வரவேயில்லை. 1901ஆம் ஆண்டு, ஜோன்சன் மறியலிலிருந்த அதே ஆண்டில், அவர் அவுஸ்திரேலியாவிலே இறந்தார்.

ஜோன்சன் 1903இற் கறுப்பின வீரருக்கெனத் தனியே வைத்திருந்த பட்டத்தை வென்றார். முழுப் பட்டமோ ஜேம்ஸ் ஜெவ்ரீசிடம் இருந்தது. ஜெவ்ரீசின் தம்பியை 1902இல் ஐந்து சுற்றில் ஜோன்சன் வீழ்த்தியிருந்தார். தமையன் மட்டும் மேடைக்கு வர இசையாமல், தோல்வியறியாதவராகவே 1905இல் ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் பட்டம் கைமாறிக் கனடா நாட்டவரான தொம்மி பேண்சிடம் சேர்ந்தது. ஜோன்சன் இடையில் எல்லாப் போட்டிகளிலும் வென்றாருமல்லர். 1905இல் மாவின் ஹாட் என்பவரிடம் மத்தியஸ்தர் தீர்ப்பில் தோற்றார். 1907இல், முன்னாள் வெற்றிவீரரான முதிய பிற்ஸ்சைமன்சை இரண்டாஞ் சுற்றில் வீழ்த்தியதோடு அவரை ஒதுக்கிவைக்கச் சொல்லுங் காரணங்கள் குறைந்தன.

பேண்ஸ் இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்சு என்று நாடு நாடாகச் சென்று சிறுவீரரை வென்று பொருளீட்டி வந்தார். ஜோன்சன் அவரைத் துரத்திக் கடல் கடந்தார். பேண்ஸ் அவுஸ்திரேலியாவிற்குக் கப்பலேற, ஜோன்சனும் பின்தொடர்ந்தார். ஈற்றில் மக்கின்ரொஷ் என்னும் ஏற்பாட்டாளர் பேண்சுக்கு 30,000 டொலர் கொடுக்க இசைந்தார். அதுவரை எந்தக் குத்துச்சண்டை வீரரும் பெற்றிராத தொகை அது. அதன்முன் நிறத்தடை தளர்ந்தது. ஜோன்சனுக்குக் கிடைத்தது 5,000 டொலர் அளவே. அவர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பேண்ஸ் கோழையென்று நாம் கூறோம். ஆறடிக்கு மேற்பட்ட ஜோன்சனுக்கு முன் ஐந்தடி ஏழங்குலத்தினரான அவர் நின்றார். அவருக்கு முன்னிருந்த பட்டத்தார் எவருஞ் செய்யாததைச் செய்தார்.

1908ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், சிட்னி நகரத்து றஷ்கற்றர்ஸ் குடாவிலே அமைத்த திறந்தவெளி அரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் கூடினர். முதற் சுற்றிலேயே பேண்ஸ் தரையில் வீழ்ந்தார். பின் நடந்தது போர் என்பதிலும் தண்டனை என்பதே பொருந்தும். ஜோன்சன் சிரித்துக்கொண்டும், எதிரியோடும் கூட்டத்தோடும் வாயாடிக்கொண்டும், விரைவில் முடிக்க வல்லதை வேண்டுமென்றே நீட்டினார். பேண்ஸ் முன்னர்ச் சொல்லிய இழிமொழிகளுக்குச் சுற்றுக்குச் சுற்று விடை கொடுத்தார். பதினான்காஞ் சுற்றிற் பொலிசார் சண்டையை நிறுத்தினர். சலனப்படப் பொறியையும் நிறுத்துவித்தனர். ஆகவே முதன்முறை ஒரு கறுப்பினத்தார் அப்பட்டம் பெற்ற கணம் படத்தில் இல்லை.

வெள்ளையின உலகம் இதனைப் பொறுக்கவில்லை. அவரை வெல்லவல்ல வெள்ளையர் ஒருவரைத் தேடுவதே பத்திரிகைகளுக்குத் தொழிலாயிற்று. 1909இல் ஸ்ரான்லி கெச்சல் என்னுஞ் சிறிய வீரர் பன்னிரண்டாஞ் சுற்றில் ஜோன்சனைக் கீழே வீழ்த்தினார். எழுந்தவர் விட்ட குத்திலே கெச்சல் நினைவிழந்து கிடந்தார். கடைசியாகக் கமத்திலே உடல்பெருத்து வாழ்ந்திருந்த ஜெவ்ரீசை அழைத்துவந்தனர். அவர் ஏறத்தாழ 100 இறாத்தல் நிறையைக் குறைத்துக்கொண்டு, 1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, ரீனோ நகரில் மேடையேறினார். முன்பு எவராலும் தரையில் வீழ்த்தப்படாத ஜெவ்ரீஸ் பதினைந்தாஞ் சுற்றில் மீண்டும் மீண்டும் வீழ்ந்தார். அவர் பக்கத்தாரே போட்டியை முடிப்பித்தனர்.

அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கலவரம் மூண்டது. வெற்றியைக் கொண்டாடிய கறுப்பினத்தார் தெருக்களிலே தாக்கப்பட்டனர். பலர் உயிரிழந்தனர், மாண்டோருட் பெரும்பாலார் கறுப்பினத்தார். அப்போட்டியின் படத்தைக் காட்டப் பல நகரங்கள் தடைவிதித்தன. 1912இல் அமெரிக்கப் பேரவை குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே சட்டத்தால் தடுத்தது. தித்தன் காணமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பின் அதனை ஒப்பது இது.

இனி நாம் கூறவேண்டியது எமக்கு உவப்பானதன்று. சாம் லாங்வோட், ஜோ ஜெனற், சாம் மக்வே என்னும் மூவரும் அக்காலத்துத் தலைசிறந்த கறுப்பின வீரர். பட்டம் பெறுமுன் ஜோன்சன் மூவரோடும் பொருதவர். பட்டம் பெற்றபின் அம்மூவருள் ஒருவருக்கேனும் அவர் வாய்ப்பளிக்கவில்லை. வெள்ளையரோடு பொருதால் வருமானம் மிகுதி, ஆபத்துக் குறைவு என்பதே காரணம். 1913இற் பாரிசிலே ஒரே ஒரு கறுப்பினத்தாரை, ஜிம் ஜோன்சன் என்னும் இரண்டாந்தர வீரரை, எதிர்த்துக் கையெலும்பு முறிந்து, வெற்றி தோல்வியின்றித் திரும்பினார். கதவுக்கு வெளியே பல்லாண்டு நின்று தட்டியவர், உள்ளே புகுந்ததும் அதே கதவைத் தன்னவர்க்குச் சாத்தினார். லாங்வோட் பட்டத்துக்குப் போட்டியிடாமலே முதுமையிற் கண்பார்வை இழந்து வறுமையுற்றார். இக்குற்றத்தை நிறவெறியர்மேற் சுமத்த எம்மால் இயலவில்லை.

இல்லற வாழ்வும் குற்றமற்றதன்று. வெள்ளையினப் பெண்களை மணந்தது அவர் உரிமை. அதற்காக அவரைத் தூற்றியோர் பக்கம் நாம் சேரோம். ஆனால் எற்றா என்னும் மனைவியை அவர் அடித்துத் துன்புறுத்தியதுண்டு. 1912இல் அவ்வம்மையார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மேடையில் வெல்லமுடியாதவரை நீதிமன்றில் வெல்ல முயன்றனர். தீயநோக்குடன் பெண்களை மாநில எல்லை கடத்துவதைத் தடுக்க 1910இல் இயற்றிய ஒரு சட்டத்தின்கீழ், முன்னர் அவரோடு விரும்பிப் பழகிய பெண்ணொருவரைச் சாட்சியாக்கி வழக்கு நடத்தினர். யூரர் அனைவரும் வெள்ளையர். 1913இல் ஓராண்டும் ஒருநாளுஞ் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜோன்சன் கனடா வழியாக ஐரோப்பாவிற்குத் தப்பிச்சென்றார்.

ஊரில்லாதவராக அலைந்த நிலையில், 1915ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆம் நாள், கியூபாவின் ஹவானா நகரத்துக் குதிரைப்பந்தயத் திடலில் ஜெஸ் வில்லாட் என்னும் ஆறரையடி உயரத்தவரை எதிர்த்தார். ஜோன்சனுக்கு அப்போது முப்பத்தேழு வயது. கொளுத்தும் வெயிலில் இருபது சுற்றுவரை மேலோங்கி நின்றவர், இருபத்தாறாஞ் சுற்றில் வீழ்ந்தார். மல்லாந்து கிடந்து கையால் வெயிலை மறைப்பதுபோல் ஒரு நிழற்படம் உண்டு. அதனைக் காட்டித் தாம் பணம்பெற்று வேண்டுமென்றே தோற்றதாகப் பிற்காலத்தில் அவர் கூறினார். நாம் அதனை ஏற்கவில்லை. தோற்க விரும்புபவர் அவ்வெயிலில் அவ்வளவு நேரம் வெல்ல முயலவேண்டியதில்லை. முதுமையிடந் தோற்றதை ஒப்புக்கொள்ள அவர் நா எழவில்லை என்பதே எம் கருத்து.

1920இல் மெக்சிக்கோ எல்லையிற் சரணடைந்து தண்டனையை அனுபவித்தார். 1922இல் ஒருவகை ஸ்பானருக்கு ஆக்கவுரிமையும் பெற்றார். கையால் வாழ்ந்தவர்க்குக் கருவியிலும் அறிவு சென்றது வியப்பன்று.

அவருக்குப்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பட்டத்திற்குக் கறுப்பினத்தார் எவருக்கும் போட்டியிட இடங் கிடைக்கவில்லை. 1937இல் ஜோ லூயி அதனைப் பெற்றார். வீழ்ந்த எதிரியைப் பார்த்துச் சிரிக்கலாகாது, வெள்ளையினப் பெண்களோடு படமெடுக்கலாகாது என்றெல்லாம் லூயிக்கு முகாமையாளர் விதிகள் வகுத்திருந்தனர். ஒவ்வொரு விதியும் ஜோன்சன் செய்த ஒன்றின் மறுதலை. லூயியைப் பயிற்ற ஜோன்சன் விரும்பினார், ஏற்கப்படவில்லை. லூயி இடக்கையைத் தாழ்த்துங் குறையைக் கண்டு, 1936இல் ஜேர்மனியராகிய சிமெலிங் வெல்வாரென முன்கூறிப் பந்தயமுங் கட்டினார். சிமெலிங்கே வென்றார். அப்பந்தயத்தைத் தம் இனத்தார் நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

1946ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், வட கரோலினா மாநிலத்துப் பிராங்கிளின்ரன் ஊரருகே அவர் ஓட்டிச்சென்ற மோட்டார் வண்டி தந்திக்கம்பத்தில் மோதியது. நிறத்தின் பொருட்டு வழியில் ஓர் உணவுச்சாலையில் அவமதிக்கப்பட்டுச் சினத்தோடு விரைந்தார் என்று வரலாறு எழுதினோர் கூறுவர். அறுபத்தெட்டாம் வயதில் அன்றே இறந்தார். சிக்காகோவிலே எற்றாவின் அருகில் அவரை அடக்கஞ் செய்தனர். 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்கு அமெரிக்க ஜனாதிபதியின் மன்னிப்பு 2018ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் கையொப்பமாயிற்று. அப்பொழுது ஜோன்சன் இறந்து ஏறத்தாழ எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.