ம. ஓ. பார்த்தசாரதி ஐயங்கார்

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் (டிசம்பர் 15, 1886 - டிசம்பர் 10, 1963) சென்னையில் பிறந்த தாவரவியல் அறிஞர் ஆவார். இவர் இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். பாசிகளின் உடலமைப்பு, உயிரணுவியல், இனப்பெருக்கம், வகைப்பாடு ஆகியவற்றை ஆராய்ந்தார். மெய்க்கருவுயிரிகளின் வாழ்க்கைச் சுழற்சிகள் எவ்வாறு படிவளர்ச்சி அடைந்தன என்னும் கேள்விக்கு இவருடைய ஆய்வுகள் தென்னிந்திய நீர்நிலைகளிலிருந்து சான்றுகளைத் தந்தன.

வாழ்க்கை

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1906இல் இளங்கலைப் பட்டமும் 1909இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காப்பாளராகப் பணியாற்றிய பின், 1911இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளரானார். 1920இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பொறுப்பேற்றார். 1930இல் இலண்டன் சென்று, குயின் மேரி கல்லூரியில் புகழ்பெற்ற பாசியியல் அறிஞர் பெலிக்சு பிரிட்சுடன் இணைந்து ஆய்வு செய்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கினார். இந்தியப் பாசியியல் கழகத்தின் முதல் தலைவரும் இவரே.

ஆய்வின் பின்புலம்

பால்முறையில் இனம்பெருக்கும் மெய்க்கருவுயிரிகளில் இரண்டு நிகழ்வுகள் மாறிமாறி வருகின்றன. பாலணுக்கள் இணையும்போது நிறப்புரிகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. குன்றல் பகுப்பின்போது அது பாதியாகிறது. குன்றல் பகுப்பு எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்து வாழ்க்கைச் சுழற்சி மாறுபடும். கிளாமிடோமோனாசு என்னும் பசும்பாசியில் கருமுட்டையே குன்றல் பகுப்படைவதால் வாழும் உயிரணு ஒருமடியமாக உள்ளது. விலங்குகளில் பாலணு உருவாகும்போது அது நிகழ்வதால் உடல் இருமடியமாக உள்ளது. பன்னங்களில் இருவகைத் தலைமுறைகளும் மாறிமாறித் தோன்றுகின்றன. இம்மூன்று முறைகளும் பாசிகளில் காணப்படுவதால், இத்துறையில் பாசிகள் சிறப்பிடம் பெறுகின்றன.

வால்வாக்சு குடும்பப் பாசிகள்

தென்னிந்தியாவின் கூட்டுயிர் வால்வோகேல்சு பாசிகளைப் பற்றிய இவருடைய விரிவான கட்டுரை 1933இல் வெளிவந்தது. இப்பாசிகளில் ஒற்றை உயிரணு கொண்ட கிளாமிடோமோனாசு முதல், பல்லாயிரம் உயிரணுக்கள் வரை கொண்ட வால்வாக்சு ஈறாகப் பல நிலைகளைக் காணலாம். ஒரே அளவான பாலணுக்களிலிருந்து அசையாத பெரிய முட்டையும் நீந்தும் சிறிய விந்தணுவும் தோன்றிய போக்கும் இவற்றில் புலப்படுகிறது. ஐயங்கார் விவரித்த யூடோரினா இண்டிகா என்னும் இனம் பின்னர் பிளியோடோரினா பேரினத்திற்கு மாற்றப்பட்டது. இனம்பெருக்காத சிறிய உடல் உயிரணுக்கள் தனியே பிரிந்திருப்பது அப்பேரினத்தின் இயல்பாகும்.

திண்டுக்கல் சமவெளியைப் போல மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் குளங்கள் உள்ள நிலப்பகுதிகளில் பால்முறை இனப்பெருக்கத்தின் பயன் தெளிவாகும். தடித்த சுவருடைய கருமுட்டை வறட்சியைத் தாங்கி, மழை பெய்ததும் முளைக்கிறது.

டயாட்டம் ஆய்வு

டயாட்டங்களின் சிலிக்கா ஓடு பெட்டியும் மூடியும் போன்றது. ஒவ்வொரு பிளவிலும் சேய் உயிரணுக்களுள் ஒன்று சற்றுச் சிறுத்துவிடும். ஆக்சோசுபோர் என்னும் உயிரணு உருவாகும்போது பழைய அளவு மீள்கிறது. வட்டவடிவ டயாட்டங்களின் வாழும் உயிரணு ஒருமடியமா இருமடியமா என்பது அக்காலத்தில் விவாதத்திற்குரியதாக இருந்தது. ஐயங்காரும் ஆர். சுப்பிரமணியனும் சைக்ளோடெல்லா மெனெகினியானா இனத்தில் ஆக்சோசுபோர் தோன்றுமுன் குன்றல் பகுப்பு நிகழ்வதை 1944இல் வெளியிட்டனர். வாழும் உயிரணு இருமடியம் என்பதற்கு இது சான்றாயிற்று. ஒரே உயிரணுவின் இரு கருக்கள் தம்முள் இணைவதாக அவர்கள் கருதினர். 1950களில் வட்டவடிவ டயாட்டங்கள் பலவற்றில் முட்டையும் விந்தணுவும் கண்டறியப்பட்டதால் அக்கருத்து கேள்விக்குள்ளானது. எனினும் இவ்வகை டயாட்டங்கள் இருமடியமானவை என்னும் முடிவு நிலைத்தது.

பிரிட்சியெல்லா

ஈரமண்ணில் வளரும் ஒரு பசும்பாசியை 1932இல் புதிய பேரினமாக விவரித்து, தம் ஆசிரியர் நினைவாகப் பிரிட்சியெல்லா எனப் பெயரிட்டார். மண்ணில் படரும் பகுதியும் மேல்நோக்கி வளரும் இழைகளும் கொண்டிருந்ததால், நிலத்தாவரங்களின் மூதாதையர் இத்தகைய பாசிகளாக இருக்கலாம் என எண்ணப்பட்டது. உயிரணுப் பிளவின் நுண்ணமைப்பும் மரபணு ஒப்பீடுகளும் நிலத்தாவரங்கள் காராப்பாசிகளை உள்ளடக்கிய வேறொரு கிளையிலிருந்து வந்தவை எனக் காட்டின. ஆகவே பிரிட்சியெல்லா, நிலவாழ்வுக்கான தகவமைப்பு தனித்தனியே தோன்றக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இப்போது விளங்குகிறது.

பிற்காலத் தாக்கம்

கிளாமிடோமோனாசின் ஒரு பால்வகையைத் தீர்மானிக்கும் மரபணுவின் இணை, பிளியோடோரினாவின் ஆண் உயிரிகளில் இருப்பதைச் சப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டறிந்தனர். ஆண், பெண் வேறுபாடு பழைய பால்வகைகளிலிருந்து வளர்ந்தது என்பதற்கு இது மரபணுச் சான்றாகும்.

ஐயங்காரின் மாணவர்களுள் தி. வ. தேசிகாச்சாரி, நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் வெளியிட்ட நூலால் அறியப்படுகிறார். ஐயங்காரும் தேசிகாச்சாரியும் இணைந்து எழுதிய வால்வோகேல்சு பற்றிய நூல், ஐயங்கார் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1981இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தால் வெளியிடப்பட்டது.