புழுதியில் ஓடியவர்களைக் கண்டுகொண்ட பெரியவர்

டாடா என்று சொன்னவுடனே நம்ம பசங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? லாரி வரும். கட்டடக் கம்பி வரும். உப்புப் பாக்கெட் வரும். இறுதியாண்டு மாணவர்களுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ வரும்! ஆனால் ஒலிம்பிக் மைதானத்தில் இந்தியா தன் பெயரில் ஒரு அணியை இறக்கியதற்கும் ஒரு டாடாதான் காரணம் என்று சொன்னால், நம்மில் பாதிப் பேர் கதை விடாதலே என்று சிரிப்பார்கள். கதை இல்லை நண்பர்களே, நடந்த வரலாறு. அந்த வரலாறு தொடங்கிய இடம் பெரிய ஸ்டேடியம் கூட இல்லை. செருப்பில்லாத விவசாயிகள் ஓடிய ஒரு நெடுந்தூர ஓட்டத்தில்தான் அது தொடங்கியது.

அவர் பெயர் சர் தோராப்ஜி டாடா. 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ம் தேதி பம்பாயில் பிறந்தார். தந்தை ஜாம்ஷெட்ஜி டாடா. வாலிப வயதில் இங்கிலாந்துக்குப் போய் கேம்பிரிட்ஜில் இரண்டு வருஷம் படித்தார். படித்தார் என்பதை விட விளையாடினார் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கிரிக்கெட், கால்பந்து, டென்னிஸ், படகு, ஓட்டம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பிறகு ஊர் திரும்பி, பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் 1882-ல் பட்டம் வாங்கினார்.

பணக்கார வீட்டுப் பிள்ளை, நேராக அப்பா நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். முதலில் ஒரு பத்திரிகை ஆபீசில் நிருபராக வேலை பார்த்தார். 1884-ல் அப்பாவின் பஞ்சு வியாபாரத்தில் சேர்ந்தார். அப்போது அப்பா அவரை அனுப்பிய இடம் எது தெரியுமா? நம்ம பாண்டிச்சேரி! பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த அந்த ஊரில் ஒரு நூற்பாலை வைத்தால் கட்டுபடியாகுமா என்று பார்த்துவரச் சொன்னார். அதன்பிறகு நாக்பூர் மில்லில் தொழில் கற்றார்.

1904-ல் ஜாம்ஷெட்ஜி காலமானார். இரும்பாலை, நீர்மின் நிலையம், அறிவியல் கழகம் என்ற அவருடைய கனவுகள் அப்போது காகிதத்தில்தான் இருந்தன. மகன் அவற்றைத் தரையில் இறக்கினார். 1907-ல் இரும்புக் கம்பெனி பதிவானது; 1912-ல் முதல் எஃகு வெளிவந்தது. மலையில் விழும் மழைத்தண்ணியைத் தேக்கி பம்பாய் மில்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பாபநாசத்துல விழுற தண்ணியை வைத்து மில் ஓட்டின ஊர்க்காரங்களான நமக்கு இந்த யோசனையின் அருமை சொல்லாமலே புரியும். இதெல்லாம் நம்ம பாடப் புத்தகத்திலேயும் உண்டு. நான் சொல்ல வந்தது புத்தகத்தில் இல்லாத சங்கதி.

1919-ல் தோராப்ஜிக்கு அறுபது வயது. அதே வருஷம்தான் அவருடைய அப்பா பெயரால் ஜாம்ஷெட்பூர் என்று ஒரு நகரத்துக்குப் பெயர் வைத்தார்கள். பூனாவில் டெக்கான் ஜிம்கானா என்ற விளையாட்டுச் சங்கம். அதற்கு இவர் தலைவர். சங்கம் நடத்திய விளையாட்டு விழாவில் நெடுந்தூர ஓட்டமும் இருந்தது. ஓட வந்தவர்களில் பலர் சுற்றுவட்டாரத்து விவசாயிகள். காலில் ஷூ கிடையாது. பயிற்சி என்றால் என்னவென்று தெரியாது. பந்தய விதிகளும் அரைகுறையாகத்தான் தெரியும்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். விழாவுக்கு வந்த வேறு ஒரு தலைவராக இருந்தால் கைதட்டி, கோப்பையைக் கொடுத்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போயிருப்பார். இவர் அவர்கள் ஓடிய நேரத்தைக் கவனித்தார். ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர்கள் ஓடும் நேரம் எவ்வளவு என்பது இங்கிலாந்தில் இருந்தவருக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெறுங்காலில் ஓடின நம்ம ஆட்கள் அந்தக் கணக்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தார்கள்! அந்த ஒப்பீட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பம்பாய் கவர்னர் ஜார்ஜ் லாய்டின் ஆதரவு கிடைத்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அனுமதியும் வந்தது. தோராப்ஜி தன் கைப்பணத்தையும் போட்டார். 1920-ல் பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு நான்கு தடகள வீரர்களும் இரண்டு மல்யுத்த வீரர்களும் கப்பலேறினார்கள். 1900-ல் பாரிசில் நார்மன் பிரிட்சர்ட் தனியாளாக இரண்டு வெள்ளி வாங்கியதுண்டு. ஆனால் அணி என்று போனது இதுதான் முதல் தடவை.

அந்த நால்வரில் ஒருவர் பதேப்பா சௌகுலே, பெல்காம்காரர். ஆண்ட்வெர்ப் மாரத்தானில் 19-வது இடம். நேரம் 2 மணி 50 நிமிடம் 45 விநாடி. பத்தொன்பதுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்த வருஷத்து மாரத்தான் வழக்கத்தை விட நீளம்: 42.75 கிலோமீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் நெல்லையிலிருந்து கிளம்பி அம்பாசமுத்திரத்தையும் தாண்டிவிடும்! கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம். முதலில் வந்த பின்லாந்து வீரர் கோலேமைனனுக்கும் இவருக்கும் 18 நிமிஷம்தான் வித்தியாசம். மல்யுத்தத்தில் ரண்தீர் ஷிண்டே நாலாவது இடம் வரை வந்து பதக்கத்தைத் தவறவிட்டார்.

பதக்கம் இல்லாமல் திரும்பியதால் தோராப்ஜி சோர்ந்துவிடவில்லை. அடுத்த தடவைக்கு நாடு முழுக்க ஆள் தேட வேண்டும் என்று முடிவெடுத்தார். இந்த வேலைக்குக் கை கொடுத்தது நம்ம மதராஸ். 1920-ல் அங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரன் ஆகிய இருவரும் மாகாணம் மாகாணமாகச் சுற்றி ஒலிம்பிக் சங்கங்களை உண்டாக்கினார்கள். 1924-ல் டெல்லியில் அகில இந்தியப் போட்டி நடந்தது. இன்றைய தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு அதுதான் வேர். அங்கே தேர்வானவர்கள் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார்கள்; மேனேஜராகப் போனவர் பக். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. தோராப்ஜி முதல் தலைவர்.

இதில் இன்னொரு விஷயம். அதே 1924-ல் இரும்புக் கம்பெனி மூழ்கப் போகிற நிலைமை. தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. தோராப்ஜி தன் சொந்தச் சொத்தையும், மனைவி மெஹர்பாயின் புகழ்பெற்ற ஜூபிலி வைரத்தையும் வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கி ஆலையைக் காப்பாற்றினார். தலைக்கு மேலே வெள்ளம் போகும்போதும் ஓடுகிற பையன்களை அவர் மறந்துவிடவில்லை.

1931-ல் மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். குழந்தைகள் கிடையாது. 1932-ல் தோராப்ஜி தன் சொத்தையெல்லாம் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அதே வருஷம் ஜூன் 3-ம் தேதி ஜெர்மனியில் காலமானார். இங்கிலாந்தில் புரூக்வுட் கல்லறையில் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பம்பாயின் டாடா புற்றுநோய் மருத்துவமனை அந்த அறக்கட்டளைப் பணத்தில் 1941-ல் எழுந்தது.

இன்றைக்கு ஊருக்கு ஊர் ஆண்டுதோறும் சாலை ஓட்டம் நடக்கிறது. 1896-ல் ஏதென்சில் முதல் ஒலிம்பிக் மாரத்தான். அதைப் பார்த்து 1897-ல் பாஸ்டன் நகரம் தொடங்கிய ஓட்டம் இன்றும் ஏப்ரலில் நடக்கிறது. தோராப்ஜி விவசாயிகளின் ஓட்டத்தைக் கவனித்த அதே ஊரில் 1983 முதல் புனே சர்வதேச மாரத்தான். மும்பை மாரத்தான் 2004-ல் ஆரம்பித்தது. 2018 முதல் அதன் பெயரிலேயே டாடா இருக்கிறது. அந்தப் பனியனைப் போட்டு ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியுமோ!

நம்ம பக்கமும் ஓட்டத்துக்குக் குறைவில்லை. முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் தாண்டி, சுலோச்சனா முதலியார் பாலத்தில் ஏறி, தாமிரபரணிக் காற்று முகத்தில் அடிக்க ஜங்ஷன் பக்கம் பையன்கள் ஓடுவதை நான் பலதடவை பார்த்திருக்கிறேன். ஒரு ஓட்டத்தில் தண்ணி பாக்கெட் கொடுக்கிற வேலையும் பார்த்தேன். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வெறுங்காலோட வந்து, வெயிலில் தார் சுட ஓடினவர்கள் அதில் உண்டு. முடிந்தபோது முதல் மூன்று பேருடைய பெயரை மட்டும் மைக்கில் சொன்னார்கள். நாலாவதாக வந்தவனுக்கு நேரம் கிடையாது. தூரம் எவ்வளவு என்று கேட்டால் பத்து கிலோமீட்டர் இருக்கும்லே என்ற பதில்தான்.

இருக்கும்லே என்பது அளவு ஆகாது. அளவில்லாத ரோட்டில் ஓடினவனை எந்த ஊர்க்காரனோடும் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாவிட்டால் ஒரு சௌகுலே நம்ம முன்னாலேயே ஓடினாலும் நமக்குத் தெரியாது.

இதற்கு நம்மிடம் டாடா பணம் வேண்டியதில்லை. சிவில் மாணவர்கள் டேப் பிடித்து முன்னூறு மீட்டரை நேராக அளந்து வைக்கட்டும். அதில் சைக்கிளை ஓட்டி, சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளலாம். பிறகு பந்தயப் பாதை முழுக்க, வளைவுகளில் ஓரத்திலிருந்து ஒரு அடி விட்டு, அதே சைக்கிளை ஓட்டினால் தூரம் வந்துவிடும். வெயில் ஏறினால் டயர் காற்று விரிந்து கணக்கு மாறும். அதனால் முடிந்தபிறகு அந்த முன்னூறு மீட்டரை மறுபடி ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாக வைத்துவிட்டால் பாதை குறைந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. உலகம் முழுக்க சாலைப் பந்தயங்களை இப்படித்தான் சைக்கிளால் அளக்கிறார்கள். மெக்கானிக்கல்காரர்கள் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். இன்னொருவர் நோட்டும் பேனாவுமாக எல்லைக் கோட்டில் உட்காரட்டும்.

நண்பர்களே, நம்மில் எல்லாரும் ஓட்டக்காரர் ஆக முடியாது. எனக்கே பாலம் ஏறும் முன்பே மூச்சு வாங்கும்! ஆனால் ஓடுகிறவனைக் கவனிக்க நம் எல்லாராலும் முடியும். அடுத்த ஓட்டத்துக்கு மாணவர் பேரவை ஒரு நல்ல நோட்டு வாங்கட்டும். அதில் கடைசியாக வருகிற பையனின் பெயரும் ஊரும் நேரமும் ஏறும்வரை, கடிகாரத்தை யாரும் நிறுத்த வேண்டாம்.

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை