தலையைக் காத்த மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ்

மாணவ நண்பர்களே, கேமரன் மலையில் உள்ள கோலா தெர்லாவுக்கு அதிகாலையில் வந்திருக்கிறீர்களா? மூடுபனி சாலையை மறைத்துக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளி நிற்பவரின் முகம்கூடத் தெரியாது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் வேலைக்குக் கிளம்பும். தேயிலைத் தோட்டத்துக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் வரிசையாக இறங்குவார்கள். எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் வரும்.

நான் படிவம் 4 படித்துக்கொண்டிருந்தபோது, அப்படிப்பட்ட ஒரு காலையில் என் அண்ணன் விபத்தில் சிக்கினார். குறுக்குப் பாதையிலிருந்து பின்பக்கமாக வந்த லோரியில் அவர் மோதினார். தலைக்கவசம் அணிந்திருந்தார். ஆனால், தாடைப் பட்டியை மாட்டவில்லை. கீழே விழுமுன்பே தலைக்கவசம் கழன்று பறந்துவிட்டது. எட்டு நாள்கள் அவருக்கு நினைவு திரும்பவில்லை.

இன்று நான் மருத்துவத் துறையில் பயிலும் கல்லூரி மாணவி. சென்ற ஆண்டு மூளைக் காயங்களைப் பற்றிய பாடத்தில் ஒரு பெயரைக் கேட்டேன்: ஹியூ கேர்ன்ஸ். அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது, அவர் எங்கள் வீட்டுக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரர்தான் என்று தோன்றியது. அவரைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

கேர்ன்ஸ் 1896-ஆம் ஆண்டு தென் ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய மரத் தொழிலாளி. செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. ரிவர்ட்டன் என்ற சிற்றூரில் வளர்ந்த பையன், படிப்பாலேயே அடிலெய்ட் பல்கலைக்கழகம் வரை போனார், மருத்துவம் பயின்றார்.

படிப்பு முடியுமுன்பே முதல் உலகப் போர் வந்தது. 1915-இல் லெம்னோஸ் தீவில் இருந்த ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவமனையில் அவர் சாதாரணப் பணியாளராக வேலை செய்தார். பின்னர் ஊர் திரும்பி, 1917-இல் பட்டம் பெற்று, மருத்துவ அதிகாரியாக மீண்டும் போர்க்களம் சென்றார். ரோட்ஸ் உபகாரச் சம்பளம் கிடைத்ததால், போர் முடிந்ததும் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படகோட்டும் வீரராகவும் பெயர் எடுத்தார்.

மூளை அறுவை சிகிச்சை அக்காலத்தில் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த துறை. மண்டையைத் திறந்தால் நோயாளி பிழைப்பது அரிது என்று பலரும் நம்பினார்கள். அத்துறையின் முன்னோடியான ஹார்வி குஷிங் அமெரிக்காவின் போஸ்டனில் இருந்தார். 1926-இல் கேர்ன்ஸ் அவரிடம் போய் ஓராண்டு பயின்றார். பிறகு லண்டன் மருத்துவமனைக்குத் திரும்பி, பிரிட்டனின் முன்னணி மூளை அறுவை மருத்துவர்களில் ஒருவரானார்.

1935-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி அவருடைய வாழ்க்கையை மாற்றிய சம்பவம் நடந்தது. அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டோர்செட் மாவட்டத்தில் தம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் ஓட்டியது பிரஃப் சுப்பீரியர் என்னும் அக்காலத்தின் வேகமான மோட்டார் சைக்கிள். சாலையில் ஒரு பள்ளமான இறக்கம். அதற்கு அப்பால் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை இடிக்காமல் விலகப் பார்த்தவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை.

சிகிச்சைக்கு அழைக்கப்பட்ட மருத்துவர்களில் கேர்ன்ஸும் ஒருவர். ஆனால், மூளைக்கு ஏற்பட்ட சேதத்தை எந்தக் கத்தியாலும் சரிசெய்ய முடியாத நிலை. ஆறு நாள்கள் நினைவின்றிக் கிடந்த லாரன்ஸ், மே 19-ஆம் தேதி 46-ஆவது வயதில் இறந்தார்.

எத்தனையோ மருத்துவர்கள் இதுபோன்ற மரணங்களைப் பார்த்திருக்கிறார்கள். கேர்ன்ஸ் அத்துடன் நிற்கவில்லை. அடிபட்ட பிறகு தம்மால் செய்யக்கூடியது குறைவு என்றால், அடிபடும் அந்த நொடியிலேயே தலையைக் காப்பாற்ற என்ன வழி என்ற கேள்வி அவரை ஆட்கொண்டது. தலைக்கவசம் அவருடைய கண்டுபிடிப்பு அன்று. பந்தய வீரர்கள் முன்பே அணிந்தார்கள். சாதாரண சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது தேவை என்பதற்கு ஆதாரம்தான் அப்போது இல்லை.

1937-இல் அவர் ஆக்ஸ்போர்டில் நஃபீல்ட் அறுவை சிகிச்சைப் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், அங்குள்ள செயின்ட் ஹியூஸ் கல்லூரி, தலைக்காயங்களுக்கான இராணுவ மருத்துவமனையாக மாறியது. அதன் பின்னணியில் இருந்தவர் கேர்ன்ஸ். குண்டடிபட்டவர்கள் மட்டும் அங்கே வரவில்லை. செய்தி சுமந்து செல்லும் இராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் தலை உடைந்து வந்துகொண்டே இருந்தார்கள். போர்க்கால இருட்டடிப்பில் விளக்கில்லாத சாலைகள் வேறு!

அவர் கணக்கெடுக்கத் தொடங்கினார். 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவருடைய முதல் கட்டுரை வெளிவந்தது. போரின் முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்களும் பின்னால் அமர்ந்து சென்றவர்களுமாக 2,279 பேர் பிரிட்டன் சாலைகளில் மாண்டிருந்தார்கள். பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது தலைக்காயம். தலைக்கவசத்துடன் விழுந்தவர்களில் ஏழு பேரை மட்டுமே அவரால் பார்க்க முடிந்தது. அந்த ஏழு பேரும் உயிர் பிழைத்திருந்தார்கள்.

ஏழு என்பது சிறிய எண்ணிக்கைதான். அது கேர்ன்ஸுக்கும் தெரியும். அதனால்தான் அவர் மேலும் சேகரித்தார். 1941 நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம் தன் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு நடந்த விபத்துகளை அவர் ஆராய்ந்து 1943-இல் எழுதினார். போர் முடிந்த பின் 1946-இல், மாதவாரியாக மரணங்கள் எப்படிக் குறைந்தன என்பதையும் காட்டினார்.

ஆக்ஸ்போர்டில் இயற்பியலாளர் ஹோல்பர்ன் அவருக்குத் துணையாக இருந்தார். மண்டை ஓட்டு வடிவ அச்சில் ஜெலட்டினை மூளைபோல் ஊற்றி, திடீரென்று சுழற்றினால் உள்ளே என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். நாம் வீட்டில் செய்யும் அகார்-அகாரை நினைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை வெடுக்கென்று திருப்பினால் கிண்ணம் உடையாது. உள்ளே இருப்பது கிழியும். மூளையும் அப்படித்தான். வெளியே இரத்தமே இல்லாமல் உள்ளே பெரும் காயம் ஏற்படலாம். இன்றைய தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கி, மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மறுமுறை உதவாது. விபத்துக்குப் பின் தலைக்கவசத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

போர்க்காலத்தில் கேர்ன்ஸ் வேறு பணிகளும் செய்தார். அறுவை மருத்துவர்கள் போர்முனைக்கு அருகிலேயே போய்ச் சிகிச்சை அளிக்க நடமாடும் குழுக்களை அமைத்தார். அடிலெய்டில் படித்த மற்றொருவரான ஹோவார்ட் ஃப்ளோரியுடன் 1943-இல் வட ஆப்பிரிக்கா சென்று, போர்க்காயங்களுக்குப் பென்சிலின் பயன்படுமா என்று சோதித்தார். 1946-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1952 ஜூலையில், 56 வயதில், புற்றுநோயால் காலமானார்.

பிரிட்டனில் எல்லா மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கும் தலைக்கவசம் கட்டாயமானது 1973-இல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 1973-இல் நம் மலேசியாவிலும் தலைக்கவச விதிகள் வந்தன.

அரை நூற்றாண்டு கடந்தும், நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான். 16 வயதில் உரிமம் எடுக்கலாம் என்பதால், இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே, கேர்ன்ஸின் கதையோடு எங்கள் வீடு கற்ற பாடத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் மருத்துவமனையில் கிடந்தபோது, முன்பின் அறியாத ஒருவர் வந்து, இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லி அம்மாவிடம் கையொப்பம் கேட்டார். பக்கத்து வீட்டு மாமா தொழிற்சங்கத்தில் இருந்தவர். எதையும் படிக்காமல் கையொப்பம் போடக்கூடாது என்று தடுத்தார். அப்பாவை அழைத்துக்கொண்டு அன்றே காவல் நிலையத்துக்குப் போனார். விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்துச் சட்டம்.

எங்களுக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று, சொக்சோ எனப்படும் பெர்கேசோ. வீட்டிலிருந்து நேராக வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும், 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேலை விபத்தாகவே கருதப்படுகிறது. முதலாளி ஒழுங்காகச் சந்தா கட்டியிருந்ததால், அண்ணனுக்கு மருத்துவ விடுப்புக் காலத்தில் சம்பளத்தில் 80 விழுக்காட்டு அளவுக்கு உதவித்தொகை வந்தது. யார்மேல் தவறு என்று அங்கே கேட்கவில்லை.

மற்றொன்று, லோரியின் காப்புறுதி. இங்கே தவறு யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, சாலையின் படங்கள், ரசீதுகள், சம்பளச் சீட்டுகள் எல்லாம் தேவைப்பட்டன. தீபகற்ப மலேசியாவில் காயமடைந்தவர் வழக்குத் தொடர பொதுவாக 6 ஆண்டுகள் அவகாசம் உண்டு. இறந்தவரின் குடும்பத்துக்கு 3 ஆண்டுகள்தான். அரசாங்க வாகனம் என்றாலும் 3 ஆண்டுகள்தான்.

வழக்கில் அண்ணன் வென்றார். ஆனால், முழுத் தொகை கிடைக்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் காயத்துக்குக் காரணமாக இருந்தால், இழப்பீட்டில் ஒரு பங்கைக் குறைக்க நம் சட்டத்தில் இடமுண்டு. தாடைப் பட்டியை மாட்டாததுதான் அந்தக் குறைவுக்குக் காரணமாயிற்று. பணம் போனது போகட்டும். அண்ணன் இன்றும் சில சொற்களைத் தேடித்தான் பேசுகிறார். காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுகிறார். அதற்கு எந்த நீதிமன்றத்திலும் ஈடு இல்லை.

மரத் தொழிலாளியின் மகன் ஒருவர், தம்மால் காப்பாற்ற முடியாமல் போன ஒரு நோயாளியை மறக்காமல் இருந்தார். அவர் பேசியதும் எழுதியதும் பல்லாயிரம் தலைகளைக் காத்திருக்கின்றன. அவர் நமக்கு விட்டுச் சென்றது தலைக்கவசம் மட்டுமன்று. அதன் பட்டியை மாட்டும் வேலையையும் நம்மிடம்தான் விட்டுச் சென்றிருக்கிறார்.

இன்று மாலை உங்கள் தலைக்கவசத்தை எடுத்துப் பாருங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா? நுரை நசுங்கியிருக்கிறதா? பட்டி இறுக்கமாகப் பிடிக்கிறதா? வேலைக்குக் கிளம்பும் உங்கள் அப்பாவுடையதையும் அண்ணனுடையதையும் சேர்த்தே பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது கேட்டருகே அம்மா நிற்பார். தாடைக்குக் கீழே அந்த 'டக்' சத்தம் கேட்ட பிறகுதான் கேட்டைத் திறப்பார்.