யார் இந்த பாப்பனிகொலாவ்? பாப் ஸ்மியர் பரிசோதனைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

மகப்பேறு மருத்துவர்கள் எழுதித் தரும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் 'பாப்' என்பது ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோயை வரும் முன்பே பிடிக்க வழிகாட்டிய ஜார்ஜ் பாப்பனிகொலாவ்தான் அவர்.

கார்பெட் விற்ற டாக்டர்

1883-ல் கிரீஸின் கிமி என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் டாக்டர். ஏதென்ஸில் மருத்துவம் படித்தார், 1910-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் முனைவர் பட்டம் வாங்கினார். கிளினிக் வைத்து உட்கார மனசில்லை, ஆராய்ச்சிதான் வேண்டும் என்று நின்றார்.

1913-ல் மனைவி மேரியுடன் நியூயார்க்கில் இறங்கியபோது கையில் பெரிதாகக் காசில்லை, ஆங்கிலமும் வராது. ஒரு பெரிய கடையில் அவர் கார்பெட் விற்றார், மேரி பட்டன் தைத்தார். அடுத்த ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது.

கினிப் பன்றியிலிருந்து மனைவி வரை

கினிப் பன்றிகளுக்குக் கருமுட்டை எப்போது வெளியாகிறது என்று அவற்றைக் கொல்லாமலே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிறப்புறுப்புத் திரவத்தைத் தினமும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நாளுக்கு நாள் செல்கள் மாறுவது தெரிந்தது. 1917-ல் அது கட்டுரையாக வந்தது.

அப்புறம் மனிதர்கள். மேரியே பல ஆண்டுகள் தன் மாதிரியைக் கொடுத்தார். கர்ப்பத்தை இப்படிக் கண்டறியலாமா என்றும் 1925-ல் எழுதினார். மருத்துவமனைப் பெண்களின் மாதிரிகளைப் பார்த்தபோது புற்றுநோய் செல்களும் கண்ணில் பட்டன.

13 ஆண்டு காத்திருப்பு

1928-ல் இதை ஒரு மாநாட்டில் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திசுவை வெட்டிப் பார்க்கும் பயாப்சி இருக்க, இது எதற்கு என்பதே அன்றைய எண்ணம். ருமேனியாவின் ஆரெல் பாபெஷும் இதே காலத்தில் தனியாக இதைக் கண்டிருந்தார்.

பின்னர் மகப்பேறு மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து ஏராளமான பெண்களைப் பரிசோதித்தார். 1941-ல் கட்டுரை, 1943-ல் புத்தகம். அறிகுறியே இல்லாத பெண்களிடமும் நோய் தெரிந்தது. மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

கர்ப்பமா இருக்கும்போது எடுக்கலாமா?

எடுக்கலாம். லேசான ரத்தக்கசிவு வரலாம், குழந்தைக்குப் பாதிப்பில்லை. ஆனால் கர்ப்பத்தில் கருப்பைவாய் செல்கள் மாறுவதால் முடிவைப் படிப்பது கொஞ்சம் சிரமம். அதனால் முந்தைய முடிவுகள் நார்மல் என்றால் பிரிட்டனில் பொதுவாகப் பிரசவமாகி 12 வாரம் கழித்து எடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில், எடுக்க வேண்டிய நேரம் வந்திருந்தால் கர்ப்பகாலச் செக்கப்பிலேயே எடுப்பதுண்டு.

முன்பு முடிவு சரியில்லை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கருப்பைவாயை லென்ஸ் வழியே பார்க்கும் கால்போஸ்கோப்பியைக் கர்ப்பத்திலும் செய்யலாம். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் மட்டும் என்றால், சிகிச்சையைப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்வார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். குழந்தை, தூக்கமில்லாத இரவு, திரும்ப ஆபீஸ் என்று தள்ளிப்போட்ட பரிசோதனை மறந்தே போகும். அந்த மாற்றம் வலிக்காது, பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளரும். தடுப்பூசி சீட்டில் குழந்தைக்குத் தேதி குறிக்கும்போதே அம்மாவுக்கும் ஒரு தேதி குறித்துவிடுவது நல்லது.

பாப்பனிகொலாவ் 1962 பிப்ரவரியில் மயாமியில் காலமானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவர் பெயரின் முதல் பாதி இன்றும் மருத்துவச் சீட்டுகளில் எழுதப்படுகிறது.