தபாலுக்கு ஆறு எண் தந்த அமரர் வேலங்கர்

மூணாறு தேயிலைத் தோட்டத்துக்கும் பாலக்காட்டு ஆலைகளுக்கும் பிழைக்க வந்த தமிழருக்கு ஒரு காலத்தில் ஊர்த் தொடர்பு என்றால் தபால்தான். அந்தத் தபால் வழி தவறாமல் போய்ச் சேர வகை செய்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். நாம் தினமும் எழுதும் பின்கோடு எண் அவர் தந்தது. ஆனால் அவர் பெயரை அறிந்தவர்கள் சிலரே.

மராட்டிய மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் வேளணேஷ்வர் என்ற கடற்கரைச் சிற்றூரில் 1915-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி பிறந்தார். தபால் தந்தி இலாகாவில் பணியாற்றி, தபால் தந்தி போர்டு உறுப்பினராக உயர்ந்தார். சமஸ்கிருதத்தில் பெரும் புலவர். அம்மொழியிலும் மராத்தியிலும் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதியவர்.

இலாகாவுக்கு அப்போது ஒரு பெரும் தொல்லை இருந்தது. நாடு விடுதலை பெற்றபோது 23,344 தபால் நிலையங்கள் இருந்தன. பிறகு அவை மளமளவென்று பெருகின. ஒரே பெயரில் பல ஊர்கள்! தேனிப் பக்கம் ஒரு கூடலூர், நீலகிரியில் ஒரு கூடலூர். முகவரி தமிழில் இருக்கும். ஓடும் ரயிலில் ஆர்.எம்.எஸ். பெட்டியில் நின்றபடி தபால் பிரிப்பவருக்கோ வேறு மொழிதான் தெரியும். கூலியில் மிச்சம் பிடித்து அனுப்பிய மணியார்டர் வேறு ஊருக்குப் போய்த் திரும்பினால், வீட்டில் அடுப்பு எரியாது.

எந்த மொழிக்காரரும் படிக்கக்கூடியது எண் என்று கண்டார் வேலங்கர். 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி பின்கோடு நடைமுறைக்கு வந்தது. இடுக்கி மாவட்டம் உதயமானதும் அதே ஆண்டு ஜனவரி 26-ந் தேதிதான்.

நாடு ஒன்பது மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒன்பதாவது ராணுவத் தபாலுக்கு உரியது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் எண் 6. ஆகவே வாளையாறு தாண்டினாலும் அந்த எண் மாறுவதில்லை. இரண்டாவது எண்ணில் மாநிலம் தெரியும். 60 முதல் 64 வரை தமிழ்நாடு. 67, 68, 69 கேரளம். முதல் மூன்று எண்கள் தபால் பிரிக்கும் வட்டாரம். பாலக்காட்டுக்கு 678, இடுக்கிக்கு 685. கடைசி மூன்று எண்கள் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தைக் குறிக்கும். மூணாறு 685612, போடிநாயக்கனூர் 625513. தேனிப் பக்கக் கூடலூர் 625-ல் தொடங்கும், நீலகிரிக் கூடலூர் 643-ல் தொடங்கும். இனி குழப்பம் ஏது?

தபால் வட்டாரமும் வருவாய் மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்து தேனி மாவட்டம் பிரிந்த பிறகும் இரண்டுக்கும் 625 தான்.

வேலங்கர் 1973-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி ஓய்வு பெற்றார். சமஸ்கிருதப் பணிக்காக 1996-ல் ஜனாதிபதி விருது பெற்றார். 1999-ல் மும்பையில் காலமானார்.

வீட்டு வாசலையே குறிக்கும் டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டைத் தபால் இலாகா 2025-ல் வெளியிட்டது. ஆயினும் ஆதார் அட்டை முதல் பார்சல் வரை எல்லாவற்றிலும் வேலங்கரின் ஆறு எண்கள்தான் இருக்கின்றன. லயத்து வீட்டில் இருந்தாலும் வாடகை அறையில் இருந்தாலும், முகவரி எழுதும்போது அவற்றைப் பிழையின்றி எழுதுவது நம் பொறுப்பு.