48 வோல்ட் பட்டனுக்குப் பின்னால் ஒரு மனிதர்: யார் இந்த கியோர்க் நோய்மன்?

கடலூர் - சிதம்பரம் சாலையில் செம்மங்குப்பத்தில் ஒரு வீட்டு அறையில் பாட்டு ரெக்கார்டு பண்ணினாலும் சரி, சென்னையில் பாட்காஸ்ட் எடுத்தாலும் சரி, ஸ்டுடியோ கண்டென்சர் மைக்கைச் செருகியதும் 48 வோல்ட் பட்டனை அழுத்தியாகணும். நாமே பாகங்கள் வாங்கி மைக் கட்டினாலும் அதே கதைதான். இந்தப் பழக்கம் வந்த வழியில் நிற்பவர் கியோர்க் நோய்மன். நம்மூர் ஸ்டுடியோக்களில் சொல்லும் ‘நியூமன்’ மைக், இவர் பெயர்தான்.

கண்டென்சர் மைக் எப்படி வேலை செய்கிறது?

ஒரு உலோகத் தகடு. அதன் முன்னால், நூலிழை இடைவெளியில் தங்கம் பூசிய மெல்லிய சவ்வு. குரல் பட்டால் சவ்வு அதிரும், இடைவெளி மாறும், அது மின் சிக்னலாகும். 1916-ல் அமெரிக்கப் பொறியாளர் இ.சி.வென்டே இதை உருவாக்கினார். ஆனால், ஆய்வகத்தைத் தாண்டி ஊரெங்கும் கொண்டுபோனதில் நோய்மனுக்குப் பெரிய பங்கு உண்டு.

என்ன செய்தார்?

1898-ல் ஜெர்மனியில் பிறந்தவர். 1928-ல் பெர்லினில் சிறு நிறுவனம் தொடங்கி, ‘பாட்டில்’ என்று செல்லப்பெயர் பெற்ற கண்டென்சர் மைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1943-ல் குண்டுவீச்சில் தொழிற்சாலை சேதமானது. கெஃபெல் என்ற சிற்றூருக்கு இடம் மாறினார். போர் முடிந்ததும் அந்த ஊர் சோவியத் பகுதிக்குள் போய்விட, பெர்லினில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்திலும் சும்மா இருக்கவில்லை. 1947-ல் காற்றுப்புகாத நிக்கல்-காட்மியம் ரீசார்ஜ் பேட்டரியை உருவாக்கினார். 1949-ல் வந்த யு-47 மைக், பின்னாளில் பீட்டில்ஸ் குழுவின் குரலையும் பதிவு செய்தது.

48 வோல்ட் எப்படி வந்தது?

1966-ல் நார்வே வானொலிக்காக அவரது நிறுவனம் ஒரு டிரான்சிஸ்டர் மைக் செய்தது. அங்கே அவசர விளக்குகளுக்கு ஏற்கெனவே 48 வோல்ட் இணைப்பு இருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. 1976-ல் நோய்மன் மறைந்தார்.

நீங்களே மைக் கட்டப் போகிறீர்களா?

காப்ஸ்யூலை ரெடிமேடாக வாங்குங்கள், சவ்வைத் தொடாதீர்கள். கூடவே இருக்கும் ரெசிஸ்டர் சுமார் 1 கிகா ஓம் என்பதால், விரல் ரேகை, சால்டரிங் பிசுக்கு வழியாகக்கூட மின்சாரம் கசியும். நன்றாகத் துடையுங்கள். கடலூர் மாதிரி உப்புக்காற்று ஊரில் ஈரம் பட்டாலே மைக் கரகரக்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.